மணாலி டு காசா: டூல் பையில இருந்து எது வெளிய வந்துச்சு, எது வரல

ஆஃப்ரோட் போறதுக்கு டூல் கிட் என்ன வாங்கலாம்னு கேட்டா, ஆளாளுக்கு 108 பீஸ் செட்டு, 150 பீஸ் செட்டுன்னு பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டுவாங்க. அதுல பாதி சாக்கெட் உங்க வண்டியில எந்த போல்ட்டுக்கும் சேராது. நாங்க கிட் போட்டது தலைகீழ் வழியில. இந்த வண்டி, இந்த ரோட்டுல, எதனால நிக்கும்? நின்னா அடுத்த மெக்கானிக் வரைக்கும் நகர்த்த குறைஞ்சபட்சம் என்ன வேணும்? இந்த ரெண்டு கேள்விக்கு பதில் வர்ற சாமான் மட்டும் பைக்குள்ள. அந்தக் கணக்கு எங்க சரியா வந்துச்சு எங்க தப்பா போச்சுன்னுதான் இங்க எழுதறேன்.

வண்டி ரெண்டு. ஒண்ணு மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர் பெட்ரோல், முன்னாடி பின்னாடி நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைங்களை அடுக்கின ஸ்பிரிங்). இன்னொண்ணு புது மாடல் மஹிந்திரா தார், டீசல். ஜிப்ஸியில நானும், பொள்ளாச்சியில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கற அண்ணன் ஒருத்தரும். தார்ல ஃப்ரெண்டும் அவன் தம்பியும். ரூட்டு ஹிமாச்சல் பிரதேசத்துல மணாலியில கிளம்பி அடல் டனல் தாண்டி கோக்சர், அங்கிருந்து க்ரம்பூ, சத்ரு, சோட்டா தாரா, பட்டல், குன்சும் பாஸ் ஏறி இறங்கி லோசர், கடைசியா காசா. செப்டம்பர் மாசம். மொத்தமா சுமார் 200 கிமீதான், ஆனா க்ரம்பூல இருந்து பட்டல் வரைக்கும் இருக்கற 50 கிமீ இருக்கு பாருங்க, பேருக்கு அது என்.எச். 505, நாங்க போனப்போ பாதி இடத்துல சந்திரா ஆத்துப் படுகையும் ரோடும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. உருட்டுப் பாறை, நடுவுல மலையில இருந்து இறங்கி ரோட்டு மேலயே ஓடற ஓடைங்க. கோக்சர் விட்டா லோசர் பக்கம் வர்ற வரைக்கும் போன்ல சிக்னலை மறந்துடலாம். மணாலி விட்டா இந்த வழியில அடுத்த பெட்ரோல் பங்க் காசாவுலதான். மெக்கானிக்கும் அப்படித்தான். பட்டல்ல தாபா இருக்கு, டீ கிடைக்கும், ஸ்பேனர் கிடைக்காது.

கிட் போட்ட விதத்தைச் சொல்லிடறேன், ஏன்னா எனக்கு இதுலதான் பெரிய விஷயம் இருக்கற மாதிரி தோணுது. அண்ணன் கடையில எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ஜிப்ஸியை ஷெட்டுல நிறுத்தி, வழியில கழட்ட வேண்டி வரும்னு தோணின ஒவ்வொரு இடத்துலயும் ஸ்பேனரை மாட்டிப் பாத்து ஒரு பழைய பில் புக் பின்னாடி சைஸ் எழுதினார். பேட்டரி டெர்மினல், ஆல்டர்னேட்டர் பெல்ட் டென்ஷன், ரேடியேட்டர் மவுண்ட், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச், ஷாக் அப்சார்பர், யு-போல்ட் (ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோட பிடிக்கற யு வடிவ போல்ட்), வீல் நட். எல்லாம் 10, 12, 14, 17, 19 மிமீக்குள்ள முடிஞ்சிடுச்சு. தார்ல அதே வேலையைப் பண்ணினா 13, 16, 18னு வேற வரிசை. காரணம் சிம்பிள். ஜப்பான்காரன் வழக்கத்துல எம்8 (8 மிமீ கனம்) போல்ட்டுக்குத் தலை 12, எம்10க்கு 14, எம்12க்கு 17. ஐரோப்பா வழக்கத்துல அதே எம்8க்கு 13, எம்10க்கு 16 இல்ல 17, எம்12க்கு 18 இல்ல 19. சுசுகி குடும்ப வண்டியும் மஹிந்திராவும் சேர்ந்து போனா ரெண்டு வரிசையும் கையில இருக்கணும். 12 இருக்கற இடத்துல 13ஐ வச்சுத் திருகினா தலை வழுக்கிடும், அப்புறம் கவ்விப் பிடிச்சு லாக் ஆகற வைஸ் கிரிப் பிளையர் போட்டாத்தான் உண்டு.

கோவை உக்கடத்துல டபாரியா ரிங் ஓபன் ஸ்பேனரா வாங்கினோம், 12லயும் 14லயும் 13லயும் ரெண்டு ரெண்டு. ஏன் ரெண்டுன்னா போல்ட் தலையை ஒண்ணுல பிடிச்சாத்தான் பின்பக்க நட்டை இன்னொண்ணுல கழட்ட முடியும், ஒரு செட்டு மட்டும் வாங்கறவங்க இதை ரோட்டுல படுத்துக்கிட்டுத்தான் கண்டுபிடிப்பாங்க. சாக்கெட் அரை இன்ச் ட்ரைவ், ஆறு முனை உள்ளது. பன்னெண்டு முனை மாட்ட ஈசிதான், ஆனா துருப்பிடிச்ச நட்டுல அதுதான் முதல்ல வழுக்கும். யு-போல்ட் சைஸ்ல மட்டும் டீப் சாக்கெட். அது ஏன்னு கீழ வரும்.

முதல் சம்பவம் சின்னது. சத்ருவுல டீ குடிச்சிட்டு வந்து ஜிப்ஸியில சாவி போட்டா, டாஷ்போர்டுல லைட் மங்கலா எரியுது, ஸ்டார்ட்டர் ஒரு 'டிக்' சத்தத்தோட சரி. பேட்டரி செத்துடுச்சுன்னு தார்ல இருந்து ஜம்ப்பர் கேபிள் எடுக்க ஓடினான் ஃப்ரெண்டு. அண்ணன் பானெட்டைத் திறந்து நெகட்டிவ் டெர்மினலைக் கையால திருப்பினார், பம்பரம் மாதிரி சுத்துது. அந்த ரோட்டு ஆட்டத்துல கிளாம்ப் தளர்ந்துடுச்சு, பேட்டரியைப் பிடிச்சிருக்கற பிராக்கெட்டும் கூடவே. 10 ஸ்பேனர், கொஞ்சம் எமரி பேப்பர், முடிஞ்சது. மொத்தப் பயணத்துல அதிகமா வெளிய வந்த டூல் அந்த 10தான். அதை மத்த ஸ்பேனரோட கட்டாம பானெட்டுக்குள்ளயே ஒரு இடத்துல கம்பி போட்டு மாட்டி வைங்க.

அடுத்தது டயர். சோட்டா தாரா தாண்டி தாரோட பின் டயர்ல சைட்வால் கிழிஞ்சிடுச்சு. ஒரு விரல் நீளத்துக்கு, உள்ள நூல் தெரியுது. எங்ககிட்ட பஞ்சர் பிளக் கிட் இருந்துச்சு, ட்ரெட்ல ஆணி ஏறினா அது பிரமாதம், சைட்வாலுக்கு ஆகாது. அந்த இடம் ஓடும்போது மடங்கி மடங்கி விரியும், ரப்பர் குச்சி அங்க நிக்காது. அதனால ஸ்டெப்னிதான். இந்த ரோட்டுல ஸ்டெப்னி நல்ல நிலைமையில இருக்கான்னு கிளம்பும்போதே காத்து பாக்கறது எந்த டூலையும் விட முக்கியம்.

ஸ்டெப்னி மாத்தறது அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சா ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டோம். ஒண்ணு, வீல் நட்டு. கிளம்பறதுக்கு முன்னாடி டயர் கடையில ஏர் கன் போட்டு இறுக்கி விட்டிருக்காங்க, வண்டியோட வந்த வீல் ஸ்பேனர்ல ஏறி நின்னு மிதிச்சாலும் அசையல. அரை இன்ச் பிரேக்கர் பார்ல (சாக்கெட் மாட்டற நீளக் கைப்பிடி) ரெண்டடி இரும்பு பைப்பைச் சொருகி, வண்டியை ஜாக்கியில தூக்கறதுக்கு முன்னாடியே, டயர் தரையில இருக்கும்போதே தளர்த்தினோம். தூக்கினதுக்கு அப்புறம் அந்த மாதிரி பலம் போட்டா ஜாக்கியில இருந்து வண்டி நழுவும். இன்னொண்ணு, ஜாக்கி. கூழாங்கல் தரையில பாட்டில் ஜாக்கியைப் போட்டுத் தூக்கினா வண்டி மேல ஏறல, ஜாக்கி கீழ இறங்குது. அதுக்குன்னே ஒண்ணரை இன்ச் கனத்துல, ஒரு அடிக்கு ஒரு அடி மரப்பலகை எடுத்துட்டுப் போயிருந்தோம். அதைப் போட்ட பிறகு சுகமா ஏறிச்சு. கழட்டின வீலை உடனே சேஸிஸ் கீழ படுக்கப் போட்டுட்டோம். ஜாக்கி சரிஞ்சாலும் வண்டி வீல் மேல உக்காரும், ஆள் மேல இல்ல.

இங்கயே காத்து விஷயமும் சொல்லிடறேன். மணாலி 2,000 மீட்டர் சொச்சம், குன்சும் 4,500 மீட்டருக்கு மேல. மேல போகப் போக வெளிக் காத்தோட அழுத்தம் குறையும், அதனால டயருக்குள்ள காத்து அதே அளவு இருந்தாலும் கேஜ்ல மூணு பிஎஸ்ஐ பக்கம் கூடுதலா காட்டும். குளிர் அதுல கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கும். பாறை ரோட்டுக்கு நாங்க 20க்குக் கீழ இறக்கித்தான் ஓட்டினோம், டயர் தரையோட நீளமா ஒட்டும், குலுக்கலும் கம்மி. ஆனா இறக்கினா திரும்ப ஏத்தணும். காம்ப்ரசர் அதுக்குத்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல சொருகற சின்ன காம்ப்ரசருக்கு அந்த ஃபியூஸ்தான் எல்லை, பெரும்பாலும் 15 ஆம்பியர். அதுக்கு மேல இழுக்கற மோட்டார்னா பேட்டரியில நேரா கிளிப் போடற டைப் வேணும். எங்களோடது கிளிப் டைப். மேல காத்து மெலிசா இருக்கறதால கீழ ஆகறதை விட ரொம்ப நேரம் ஓடிச்சு, சூடாச்சு, ரெண்டு டயருக்கு ஒரு தடவை நிறுத்தி ஆற விட்டோம். தனி கேஜ் ஒண்ணு வச்சுக்கோங்க, காம்ப்ரசர் மேல இருக்கற முள்ளை நம்பாதீங்க.

பட்டலுக்கு முன்னாடி ஒரு ஓடை. அங்க வெயில் ஏற ஏற மேல பனி உருகி மத்தியானத்துல தண்ணி கூடும், காலையில கணுக்கால் அளவு இருக்கறது சாயங்காலம் முட்டிக்கு மேல. டயர் வேலையால லேட்டாகி நாங்க போய்ச் சேர்ந்தது மூணு மணிக்கு மேல. தார் போயிடுச்சு. ஜிப்ஸி நடுவுல ஒரு பாறைக்குப் பின்னாடி பள்ளத்துல பின் சக்கரம் இறங்கி நின்னுடுச்சு.

இந்த இடத்துல நிறைய பேர் உடனே கயிறைத்தான் எடுப்பாங்க. நாங்க எடுத்தது மண்வெட்டி. ஐஸ் தண்ணியில நின்னு சக்கரத்துக்கு முன்னாடி கிடந்த கல்லைத் தோண்டி நகர்த்தினப்புறம்தான் கயிறு மாட்டினோம், அதனால இழுக்க வேண்டிய பலம் பாதியாயிடுச்சு. கயிறு கைனடிக் ரோப், நைலான், இழுத்தா இருபது முப்பது சதவீதம் நீளும், அந்த நீட்சியில வண்டி வெடுக்குன்னு இல்லாம மெதுவா வரும். சாதா டோ பெல்ட் நீளாது, அதுல ஓடி வந்து இழுத்தா ஏதோ ஒண்ணு பிய்யும். கயிறை வண்டியோட மாட்டற இரும்பு வளையமான ஷேக்கிள் முக்கால் இன்ச் பௌ டைப், தாங்கற அளவு 4.75 டன்னு உடம்புலயே அடிச்சிருக்கும், அப்படி எதுவும் அடிக்காத ஷேக்கிளை வாங்கவே வாங்காதீங்க. பின்னை முழுசா இறுக்கி கால் சுத்து பின்னாடி விட்டோம், இல்லைன்னா லோடு வந்தப்புறம் கையால கழட்ட முடியாது. மாட்டினது சேஸிஸ்ல போல்ட் பண்ணின கொக்கியில. லாரியில ஏத்திக் கட்டறதுக்குன்னு வண்டியில வர்ற மெல்லிசு வளையம் இதுக்கு இல்ல. டிரெய்லர் இழுக்கற டோ பால் இருக்கு பாருங்க, அதுல கயிறு மாட்டி அது ஒடிஞ்சு பறந்து வெளிநாட்டுல ஆள் செத்திருக்காங்க, அதனால அதை யோசிக்கவே கூடாது. சும்மா நிக்கறவங்களை கயிறு நீளத்துக்கு மேல தள்ளி நிக்க வச்சோம். ரெண்டாவது இழுப்புல வந்துடுச்சு.

இனி வர்றதுதான் இந்த மொத்தக் கதையிலயும் கிட் வேலை செஞ்ச இடம். குன்சும் இறங்கி லோசர் பக்கம் போயிட்டிருக்கோம், ஸ்டீயரிங் நேரா பிடிச்சா வண்டி கோணலா ஓடுது. பின்னாடி வந்துட்டிருந்த ஃப்ரெண்டு ஹாரன் அடிச்சு நிறுத்தினான். "மச்சி, உன் வண்டி நண்டு மாதிரி சைடுல நடக்குதுடா."

இறங்கிப் பாத்தா இடது பின் சக்கரம் வீல் ஆர்ச்சோட பின் ஓரத்தை ஒட்டி நிக்குது, வலது பக்கம் நடுவுல இருக்கு. அண்ணன் டார்ச்சை எடுத்துட்டு கீழ படுத்தார், ஒரு நிமிஷம் கூட ஆகல.

"தம்பி, சென்டர் போல்ட் போச்சு."

தெரியாதவங்களுக்கு: லீஃப் ஸ்பிரிங் பட்டைங்க எல்லாத்தையும் நடுவுல ஒரு போல்ட் சேர்த்துப் பிடிச்சிருக்கும். அதோட தலை ஆக்சில் சீட்டுல இருக்கற ஓட்டையில போய் உக்காரும், ஆக்சில் எந்த இடத்துல இருக்கணும்னு சொல்றது அதுதான். ஆனா உண்மையான பலம் அது தாங்கறதில்ல, ரெண்டு யு-போல்ட்டும் பட்டையை ஆக்சிலோட நெரிச்சுப் பிடிக்கறதுதான் பலம். யு-போல்ட் நட்டு தளர்ந்தா அந்தப் பிடி போயிடும், ஒவ்வொரு குழியிலயும் முழு அடியும் அந்த ஒல்லி போல்ட் மேல விழும். அது எத்தனை நேரம் தாங்கும்? வெட்டி எடுத்த மாதிரி உடையும், ஆக்சில் நகர்ந்துடும். எங்களுக்கும் அதேதான். நட்டுல ஸ்பேனர் வச்சா ரெண்டு நட்டு பாதிச் சுத்து லூஸ்.

ஜிப்ஸியில பட்டை ஆக்சிலுக்குக் கீழ. யு-போல்ட் ஆக்சில் மேல இருந்து இறங்கி கீழ பிளேட் வழியா வரும், நட்டு எல்லாம் தரையைப் பாத்து. அதனால நீட்டிக்கிட்டு இருக்கற மரையெல்லாம் கல்லடி பட்டு சேறு ஏறிக் கிடக்கு. முதல்ல வயர் பிரஷ், அப்புறம் டபிள்யூடி-40, அப்புறம் டீப் சாக்கெட். சாதா சாக்கெட்டுன்னா நீட்டிக்கிட்டு இருக்கற மரை உள்ள முட்டி நட்டைப் பிடிக்கவே பிடிக்காது, அதுக்காகத்தான் அதை மட்டும் தனியா வாங்கினது.

முன் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஒரு ஜாக்கி சேஸிஸ்ல, தார்ல இருந்து வாங்கின இன்னொரு ஜாக்கி ஆக்சில்ல. ஒரு ஜாக்கியோட இந்த வேலை நடக்காது, சேஸிஸையும் ஆக்சிலையும் தனித்தனியா ஏத்தி இறக்கணும். நாலு நட்டையும் கழட்டி பிளேட்டை இறக்கினதும் பட்டைங்க விரியப் பாக்குது. அப்பத்தான் ஜி-கிளாம்ப். ஆறு இன்ச் கிளாம்ப் ரெண்டு, ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளிப் போட்டு பட்டைங்களை நெரிச்சுப் பிடிச்சார். உடைஞ்ச துண்டை பஞ்ச் கம்பியும் சுத்தியலும் வச்சுத் தட்டி எடுத்தோம், புது சென்டர் போல்ட்டை தலை மேல இருக்கற மாதிரி சொருகி நட்டை இறுக்கினோம். ரெண்டு ஸ்பேர் போல்ட் கிரீஸ் தடவி பேப்பர்ல சுத்தி பையில கிடந்துச்சு, விரல் அளவு சாமான். மிச்சம் இருந்தது ஆக்சிலை முன்னாடி இழுத்து ஓட்டைக்கு நேரா கொண்டு வர்றது. அதுக்கு லக்கேஜ் கட்டற ராட்செட் பெல்ட்டை ஆக்சில்லயும் முன்னாடி சேஸிஸ்லயும் மாட்டி ஒவ்வொரு பல்லா இறுக்கினோம், அண்ணன் கடப்பாரையால நெம்பி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து"ன்னார். டக்குன்னு உக்காந்துச்சு. யு-போல்ட் நட்டு நாலையும் குறுக்கு மறுக்கா, ஒரே பக்கம் முழுசா இறுக்காம, கொஞ்சம் கொஞ்சமா.

அந்த உயரத்துல படுத்துக்கிட்டு பிரேக்கர் பார் இழுத்தா நாலு இழுப்புக்கு ஒரு தடவை மூச்சு வாங்குது. கீழ ஒரு மணி நேரத்துல முடியற வேலை இருட்டற வரைக்கும் போச்சு. ஹெட் டார்ச் ஒண்ணுதான் இருந்துச்சு, படுத்திருக்கறவருக்குக் கொடுத்துட்டோம், சாமான் எடுத்துக் கொடுத்தவங்க போன் வெளிச்சத்துல. ஆளுக்கு ஒண்ணு இருந்திருக்கணும். தார்ப்பாய் ஒண்ணு கீழ விரிச்சதால விழுந்த நட்டும் வாஷரும் கல்லுக்குள்ள தொலையல.

வெளியவே வராத சாமான் கதையும் இருக்கு. ஃப்ரெண்டு கொண்டு வந்த பெரிய ஹை-லிஃப்ட் ஜாக்கி. இரும்பு பம்பர் இல்லாத வண்டியில அதை எங்க மாட்டுவீங்க? மாட்டினாலும் கைப்பிடி திரும்பி அடிச்சா தாடை போயிடும். பழகினவங்க கையில அது நல்ல டூல்தான், எங்களுக்கு அது சும்மா சுமை. அவன் பிளாஸ்டிக் பெட்டி சாக்கெட் செட்டு இன்னும் மோசம், குலுக்கல்ல மூடி திறந்து எல்லா பீஸும் தார் பின்னாடி கொட்டிக் கிடந்துச்சு. கோடாலியும் அப்படியே திரும்பி வந்துச்சு, மரமே இல்லாத ஊருக்கு எதுக்குன்னு கேட்டா சிரிக்கறான். அதே கோடாலி கர்நாடகாவுல சக்லேஷ்பூர் பக்கம் மழைக்காலத்துல போனா முதல்ல வெளிய வரும், மரம் விழுந்து கிடக்கற ரோடு அது. கிட்டுங்கறது ஊரைப் பொறுத்தது.

வெளிய வரலைன்னாலும் மறுபடி எடுத்துட்டுப் போவேன்னு சொல்றது: தீயணைப்பான், ஃபர்ஸ்ட் எய்ட், கூலன்ட் ஒரு லிட்டர், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் சின்ன பாட்டில், ஃபேன் பெல்ட், வண்டியில இருக்கற ஒவ்வொரு ஆம்பியர்லயும் ரெண்டு ஃபியூஸ், ஜூப்ளி கிளிப் (ஹோஸை இறுக்கற வளையம்), கட்டுக்கம்பி, கேபிள் டை, இன்சுலேஷன் டேப், எம்-சீல். எம்-சீல் ஆயில் படிஞ்ச இடத்துல ஒட்டாது, பெட்ரோல் துணியால துடைச்சு, எமரி பேப்பர்ல தேச்சுட்டு வைக்கணும், காய விடணும். பெட்ரோல் டேங்க்ல கல் பட்டு கசிஞ்சா துணி சோப்பை நல்லா அழுத்தித் தேச்சு விட்டா தற்காலிகமா நிக்கும், இது அண்ணன் பாடம், பைக்குள்ள அரை சோப்பு எப்பவும் இருக்கும். தார் மாதிரி புது வண்டின்னா, வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற எரர் கோடைப் படிக்கற ப்ளூடூத் ஓபிடி ரீடர் ஒண்ணு. ஒரு சென்சார் எரர்ல வண்டி பவர் குறைச்சுட்டா எந்த ஸ்பேனரும் உதவாது, கோடு படிச்சாத்தான் ஓட்டலாமா நிறுத்தணுமான்னு தெரியும்.

பேக் பண்ற விதம். ஸ்பேனர் எல்லாம் கேன்வாஸ் ரோல்ல, ஒவ்வொரு பாக்கெட்டுலயும் சைஸ் மார்க்கர்ல எழுதி. விரிச்சா எது காலியா இருக்குன்னு தெரியும், மூடறதுக்கு முன்னாடி எதை மண்ணுல விட்டோம்னு பாத்துக்கலாம். ஜாக்கி, ஷேக்கிள், கடப்பாரை மாதிரி கனமானது தரையோட ராட்செட் பெல்ட்டுல கட்டி. வண்டி உருண்டா ஷேக்கிள் ஒண்ணு தலைக்கு வந்தாலே போதும். கைனடிக் ரோப்பும் மண்வெட்டியும் எல்லாத்துக்கும் மேல, கதவு திறந்ததும் கைக்கு வர்ற மாதிரி. ஓடை நடுவுல நின்னுட்டு லக்கேஜ் இறக்க முடியாது.

லோசர்ல ராத்திரி தங்கி, கிளம்பறப்போ யு-போல்ட்டை மறுபடி இறுக்கினா நாலு நட்டும் கால் சுத்து எடுத்துச்சு. புதுசா மாட்டினது ஓடி உக்கார்ந்ததும் தளரும், அதனால சும்மா விடக்கூடாது. காசா போய் பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு மறுபடி ஸ்பேனர் வச்சோம், அசையல. ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினோம், அவர் கீழ எட்டிப் பாத்துட்டு காசு வாங்கல, அந்தப் பக்க யு-போல்ட்டை மட்டும் ஊருக்குப் போனதும் புதுசா மாத்தச் சொன்னார், மரை அடி வாங்கியிருக்குன்னு. திரும்பி வந்ததும் நாலு பக்கமும் மாத்தியாச்சு. பழசுல மரை நல்லா இருந்த ரெண்டும் நட்டும் இப்போ கிட்டுல இருக்கு, ரெண்டாவது ஹெட் டார்ச்சும் சேர்ந்துச்சு. ஹை-லிஃப்ட் ஜாக்கியை ஃப்ரெண்டு வித்துட்டான், அந்தக் காசுல 13, 16, 18 ஸ்பேனர் அவனுக்குத் தனியா வாங்கிட்டான்.